கொலோனில் ஒரு தூத்துக்குடி ஆச்சி

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு மரக்கட்டை இருக்கும். தாயக்கட்டையைப் போல உருட்ட வேண்டியது. புள்ளிகளுக்குப் பதிலாக ஆறு முகத்திலும் ஆறு குட்டிச் செபங்கள். அன்றைக்கு முறை வந்த பிள்ளை உருட்டும். மேலே வந்த செபத்தை டீச்சர் எடுத்துக் கொடுக்க, எல்லாரும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். முடிந்ததும் சூப். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் என் பேத்தி போகிற கத்தோலிக்க கிண்டர்கார்டனில் சாதாரண நாளில் பக்தி என்பது இந்த அரை நிமிடம்தான்.

நான் தூத்துக்குடிக்காரி. கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. வகுப்பெடுத்தே ஓய்வு பெற்றவள். எங்களிடம் மூன்றரை வயதில் சேர்ந்த பிள்ளை கிறிஸ்மஸ் லீவுக்குள் பரலோக மந்திரத்தை இங்கிலீஷில் ஒப்பித்துவிடும். இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, பனிமய மாதா கோவில் தெருப் பிள்ளை என்று வித்தியாசம் கிடையாது. கூடவே ஏ முதல் இசட், நூறு வரை எண், ஒரு கட்டு ரைம்ஸ், நாலு கோட்டு நோட்டில் ஹோம் ஒர்க். மகள் வேலைக்குப் போவதால் பேத்தியை விட்டுக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு தடவை இலையுதிர் காலத்தில் போனேன், இன்னொரு தடவை ஈஸ்டரை ஒட்டி. டீச்சர் கண் சும்மா இருக்குமா? வாசலில் நின்றே முக்கால் பாடத்தைப் பார்த்துவிட்டேன்.

யூனிஃபார்ம் இல்லை. புத்தகம் இல்லை. பைக்குள் ரொட்டி டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். ஐந்து வயது முடிந்த பேத்திக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் ஓரெழுத்து தெரியாது. கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே அவளுக்கென்று ஓர் ஆமைப் படம் ஒட்டியிருக்கிறது. ஆமை எங்கே இருக்கிறதோ அது அவள் இடம்: கொக்கி, வீட்டுச் செருப்பு வைக்கும் தட்டு, பல் துலக்கும் டம்ளர். மூன்று வயதில் சேர்ந்த நாளிலிருந்து தன் சாமானைத் தானே எடுத்து, தானே வைக்கிறாள். கோட்டின் ஜிப்பைத் தானே போட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆனாலும் டீச்சர் கை வைப்பதில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். என் கை துறுதுறுவென்று போகும். "ஆச்சி, நீ தொடாதே" என்பாள் பேத்தி.

காலையில் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். கணக்குப் பாடம் அதிலேயே அடங்கிவிடுகிறது. பிறகு விளையாட்டு. கட்டை அடுக்கும் மூலை, பொம்மை வீடு, வெட்டி ஒட்டும் மேசை என எங்கே போவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். நிஜக் கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்குகிறார்கள், கண்ணாடிக் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். மழை பெய்தால் உள்ளே அடைத்துவைப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் புகாத சேற்றுக் கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் மாட்டி, நேரே மணல் குழிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சட்டப்படி இது பள்ளிக்கூடமே இல்லை. குழந்தைகள், இளையோர் நலச் சட்டத்தின் கீழ் வருவது. பள்ளி ஆறு வயதில் தொடங்குகிறது. எழுத்து அங்கேதான். இதில் அவர்களுக்கும் சந்தேகம் வராமல் இல்லை. பிசா என்ற சர்வதேசத் தேர்வின் முடிவு 2001 டிசம்பரில் வெளியாகி, ஜெர்மன் மாணவர்களின் வாசிப்புத் திறன் சராசரிக்கும் கீழே என்று தெரிந்ததும் நாடே பதறியது. பதற்றத்தில் எல்.கே.ஜி. தொடங்கிவிடவில்லை. 2004-ல் எல்லா மாநிலங்களும் சேர்ந்து பாலர் கல்விக்கு ஒரு பொதுச் சட்டகம் வகுத்தன. மொழி, கணக்கும் அறிவியலும், இசை, உடலசைவு, இயற்கை என்று அதில் இருப்பவற்றோடு நன்னெறியும் சமயமும்கூட இடம்பெற்றிருக்கின்றன. எல்லாமே விளையாட்டு வழியாக. அதே பதற்றம் நமக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. தனியார் பள்ளிக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள் என்று 2019-ல் தமிழக அரசே 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் திறந்தது.

டீச்சர் டிரெய்னிங் படித்த யாருக்கும் கிண்டர்கார்டனைத் தோற்றுவித்த ஃப்ரோபலின் பெயர் மறக்காது. எங்கள் காலத்தில் இரண்டு மார்க் கேள்வி. 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மலைக்கிராமம் ஒன்றில் லூத்தரன் போதகருக்கு மகனாகப் பிறந்தவர். பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு நிலையம் தொடங்கி, 1840-ல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். முதலில் கம்பளி நூல் சுற்றிய வண்ணப் பந்துகள், அடுத்து மரத்தால் ஆன உருண்டை, கனசதுரம், உருளை என்று பிள்ளை கையில் கொடுத்தார். இதையெல்லாம் பரீட்சைக்காக உருப்போட்டோம், ஆனால் அந்தக் கட்டைகளை எங்களில் ஒருத்தியும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்குச் சொல்லித்தராத சங்கதி ஒன்று உண்டு. 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் அரசியல் கலகத்தையும் பிள்ளைகள் மனதில் விதைக்கிறது என்பது குற்றச்சாட்டு. மறு வருடம் ஃப்ரோபல் இறந்துபோனார். 1860-ல்தான் தடை நீங்கியது. கொலோனும் அப்போது பிரஷ்யாவுக்குள்தான் இருந்தது. சாமி இல்லாத இடம் என்று பூட்டப்பட்ட அந்தக் கிண்டர்கார்டனை இன்று ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபை மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேல் நடத்துகிறது.

சரி, அரை நிமிடச் செபத்தைத் தவிர இதில் கத்தோலிக்கம் எங்கே இருக்கிறது? திருநாட்களில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பிள்ளைகளின் கைவேலையே திருநாள் ஆயத்தமாக ஓடுகிறது. அக்டோபரில் அறுவடை நன்றிக்காகப் பூசணிக்காயும் ஆப்பிளும் பீடத்துக்குப் போகும். டிசம்பர் 6 நிக்கோலாஸ் நாளுக்குப் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். திருவருகைக் காலத்தில் பச்சைக் கிளை வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. இந்த வளையம் கத்தோலிக்கச் சரக்கே அல்ல. 1839-ல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துப் பராமரித்த விகெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று கேட்ட பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி நட்டுத் தொடங்கியது. கொலோனில் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்குள் அது நுழைய 1925 ஆனது.

எல்லாவற்றிலும் பெரியது நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். ரைன் நதிக்கரை ஊர்களில் இதற்குள்ள கொண்டாட்டத்தைப் பார்த்தால் எங்கள் ஊர் சப்பரப் பவனி நினைவுக்கு வரும். நான்காம் நூற்றாண்டு ரோமப் படைவீரர் மார்ட்டின். பிரான்ஸில் அமியான் நகர வாசலில், கடுங்குளிரில் துணியில்லாமல் கிடந்த பிச்சைக்காரனைக் கண்டு, தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். பிறகு தூர் நகர ஆயரானார். கதை இவ்வளவுதான். திருநாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தாளும் பசையுமாகக் காகித விளக்கு செய்வது தொடங்கிவிடுகிறது. ஒரு சாயங்காலம் பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து வெட்டச் சொல்கிறார்கள். வட்டத்தில் கதையை நடித்துப் பார்க்கிறார்கள். மார்ட்டினாக இருக்கப் போட்டி குறைவு, குதிரையாக இருக்கத்தான் அடிதடி. பிச்சைக்காரனாகப் படுத்திருந்த பிள்ளையிடம் டீச்சர் கேட்டது: "இப்போது எப்படி இருக்கிறது?" குளிரவில்லை என்றது பிள்ளை. அவ்வளவோடு விட்டுவிட்டார். நானாக இருந்தால் கரும்பலகையில் நீதியை எழுதிப்போட்டிருப்பேன்.

அன்று இருட்டியதும் சிவப்பு மேலங்கியும் தலைக்கவசமுமாக ஒருவர் நிஜக் குதிரையில் முன்னே போக, பின்னால் பித்தளை வாத்தியம், அதன் பின்னால் விளக்கேந்திய பிள்ளைகள். கடைசியில் பெரிய நெருப்பு மூட்டி, மனித உருவத்தில் சுட்ட இனிப்பு ரொட்டியைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பாதியாகப் பிய்த்துப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். பேத்தி எனக்குக் காலைக் கொடுத்துவிட்டுத் தலையை வைத்துக்கொண்டாள்.

அந்த வரிசையில் சிரியாவிலிருந்து வந்த குடும்பம் இருந்தது, துருக்கிக் குடும்பங்கள் இருந்தன. 2013-ல் இந்தத் திருநாளை எல்லா மதப் பிள்ளைகளுக்கும் பொதுவாக 'சூரியன், சந்திரன், நட்சத்திர விழா' என்று பெயர் மாற்றலாம் என்று ஓர் இடதுசாரி அரசியல்வாதி சொல்லப்போக, நாடு முழுக்கச் சண்டை. அப்போது முஸ்லிம்களின் மத்தியக் கவுன்சில் தலைவராக இருந்த ஐமான் மசீக், மார்ட்டினின் வாழ்க்கை முஸ்லிம்களுக்கும் முன்மாதிரிதான், மாற்ற வேண்டாம் என்று சொன்னார். நம் ஊரில் வேளாங்கண்ணிக்கு மதம் பார்க்காமல் நடந்துபோகிறவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஜெர்மனியிலேயே கெவலார் மாதா கோவிலுக்கு ஆகஸ்டில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள், இந்துக்களும் சேர்த்துத்தான்.

தாத்தா பாட்டிகளை அழைத்த ஒரு மத்தியானம் வேதாகமக் கதை சொல்வதைப் பார்த்தேன். புத்தகம் இல்லை. தரை நடுவில் பச்சைத் துணி விரித்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மர ஆடு வைத்தார்கள். கல், சிப்பி, மணி என்று கிடைத்ததை வைத்து வேலி கட்டினார்கள். ஓர் ஆடு மட்டும் காணாமல் போனது. நீ ஆடாக இருந்தால் எங்கே ஒளிந்திருப்பாய் என்ற கேள்விக்கே பத்து நிமிடம் போனது. துணியும் கல்லும் வைத்துத் தரையில் கதை கட்டும் இந்த முறையை 1970களில் பிரான்ஸ் கெட் என்பவரும் எஸ்தர் காஃப்மன் என்ற கன்னியரும் வளர்த்தெடுத்தார்கள். இன்று ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் பாலர் வகுப்புகளில் பரவலாக நடக்கிறது.

என்னை உலுக்கியது வேறொரு பாடம். யாராவது தள்ளினாலோ, கிச்சுகிச்சு மூட்டினாலோ, முத்தம் கொடுக்க வந்தாலோ, பிடிக்கவில்லை என்றால் உள்ளங்கையை முன்னே நீட்டி உரக்க "ஸ்டாப்" என்று சொல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறார்கள். சொன்னால் எதிராளி நிறுத்தியாக வேண்டும். பெரியவராக இருந்தாலும்தான். பேத்தி அதை என்னிடமே காட்டினாள். முதலில் முகம் சுளித்தேன். இது ஏன் ஒரு கத்தோலிக்க நிலையத்தில் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. 2010 ஜனவரியில் பெர்லினில் இயேசு சபையார் நடத்தும் கனிசியஸ் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகள் வெளியே வந்தன. 2018-ல் ஆயர்களே ஏற்பாடு செய்த ஆய்வு 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளைப் புரட்டி, 1,670 குருக்கள், திருத்தொண்டர்கள் மீதும் 3,677 பிள்ளைகள் தொடர்பாகவும் புகார்க் குறிப்புகளைக் கண்டெடுத்தது. இப்போது திருச்சபை நிலையங்களில் வேலை பார்க்கிறவர்கள் போலீஸ் சான்று கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் வேண்டும். "சிஸ்டர் சொன்னால் கேட்க வேண்டும்" என்று மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த தலைமுறை நான். நம் பாலர் வகுப்புகளுக்கு இங்கிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப்போகலாம் என்றால் அந்த உள்ளங்கையைத்தான் எடுப்பேன்.

பெயர்ப்பலகை கோவிலுடையது, காசு பெரும்பாலும் ஊருடையது. கொலோன் இருக்கும் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் செலவில் திருச்சபையின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. மீதியை மாநிலமும் நகராட்சியும் பெற்றோரும் கட்டுகிறார்கள். அப்படியிருந்தும் ஊழியரின் சொந்த வாழ்க்கையில் திருச்சபை தலையிட்டு வந்தது. 2012-ல் பான் அருகே கோனிக்ஸ்விண்டரில், கணவரைப் பிரிந்து வேறொருவருடன் வாழத் தொடங்கிய கிண்டர்கார்டன் தலைமை ஆசிரியையை வேலையிலிருந்து எடுத்தபோது பெற்றோர் திரண்டார்கள். நகராட்சி அந்தக் கிண்டர்கார்டனைப் பங்குக் கோவிலிடமிருந்தே எடுத்துக்கொண்டது. 2022 நவம்பரில் ஆயர்கள் பணிச்சட்டத்தைத் திருத்தி, அந்தரங்க வாழ்க்கை வேலைநீக்கத்துக்குக் காரணமாகாது என்றார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களும் படித்த பாடம்.

குறை இல்லையா? உண்டு. பாட்டு, கதை எல்லாம் மனதில் பதிகிற அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது குறைவு. சின்ன வயது நினைவாற்றலை இப்படி வீணாக்கலாமா என்ற என் டீச்சர் ஆதங்கம் இன்னும் தீரவில்லை. ஆள் பற்றாக்குறை என்று திடீரென்று மத்தியானத்தோடு மூடுகிற நாட்களில் வேலைக்குப் போகிற தாய்மார் படும் பாடு சொல்லி மாளாது. ஆனால் பள்ளிக்குப் போகப்போகிற ஆறு வயதுப் பிள்ளைகளை நான் பார்த்தேன். தீயணைப்பு நிலையம் பார்த்தாயிற்று, ஓர் இரவு கிண்டர்கார்டனிலேயே தூங்கியாயிற்று, முதல் நாள் பள்ளிக்கு எடுத்துப்போகும் கூம்பு வடிவ இனிப்புப் பொட்டலத்தைச் செய்தாயிற்று. கடைசி நாளில் டீச்சர்மார் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி வாசலுக்கு வெளியே மெத்தையில் எறிகிறார்கள். பிள்ளைகள் கெக்கலிகொட்டிச் சிரிக்கிறார்கள். பள்ளிக்குப் பயந்து அழுத பிள்ளை ஒன்றையும் அந்தக் கூட்டத்தில் நான் காணவில்லை. எங்கள் வகுப்பு வாசலில் ஜூன் மாதம் கேட்கும் அழுகைச் சத்தம் உங்களுக்கும் தெரியும்.

ஜெர்மனிக்குக் குடிபோகிற இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு வயதிலிருந்தே இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து உண்டு, ஆனால் இடம் எளிதில் கிடைக்காது. பிள்ளை பிறந்த கையோடு பதிந்துவையுங்கள். கத்தோலிக்கப் பெயரைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை தரும் பங்குக் கோவில்கள் இருந்தாலும், பெற வேண்டும் என்று கட்டாயமில்லாத இடங்கள் நிறைய. வீட்டில் தமிழே பேசுங்கள், ஜெர்மனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்குள்ள டீச்சர்களும் அதையேதான் சொல்கிறார்கள். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து கிளம்பும்போதே கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை ஊசி போட்டதற்கான சான்று இல்லாமல் 2020 மார்ச்சிலிருந்து எந்தக் கிண்டர்கார்டனிலும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை.