கொரிய நாடகங்கள்: எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

தொலைக்காட்சி நாடகம் பார்க்கும் பெண்ணுக்கு நமது ஊர்களில் நல்ல பெயர் கிடைப்பதில்லை. "அடுப்பில் கறி கருகுவதும் தெரியாமல் இருக்கிறாள்" என்பார்கள். அதே வீட்டில் ஆண்கள் நாள் முழுவதும் கிரிக்கெட் பார்த்தால் எவரும் எதுவும் சொல்வதில்லை. சாம்பல்தீவிலும் அதை அண்டிய கிராமங்களிலும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் பணியாற்றுபவள் என்ற வகையில், பெண்கள் விரும்பிப் பார்ப்பவற்றை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. தையல் வகுப்பில் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் தலையைக் குனிந்து தைப்பவர்கள், "அந்த நாடகத்தில் அவவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் மடைதிறந்தாற்போல் கதைக்கிறார்கள். தன் துயரைத் தன் பெயரில் சொல்ல முடியாதவளுக்கு இன்னொருத்தியின் கதை ஒரு திரைச்சீலையாக உதவுகிறது.

சில வருடங்களாக இவ்வாறு கதைக்கப்படுபவற்றுள் கொரிய நாடகங்களே முன்னிற்கின்றன. எனவே சகோதரிகளே, அவற்றுள் பார்க்கத் தகுந்த சிலவற்றை இங்கே அறிமுகம் செய்கிறேன்.

எப்படி வந்தன?

இலங்கையில் கொரிய நாடகத்துக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது 'டே ஜாங் கும்'. 2012ஆம் ஆண்டளவில் ரூபவாஹினியில் சிங்கள மொழிமாற்றத்துடன் 'சுஜாத தியணி' என்ற பெயரில் அது ஒளிபரப்பானபோது, சிங்களம் அதிகம் விளங்காத நமது பெண்களும் அதைப் பார்த்தனர். தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி சில கொரிய நாடகங்களைத் தமிழ்க் குரலுடன் வழங்கியது. இன்று கையடக்கத் தொலைபேசி வழியாக எல்லாமே வந்து சேர்கின்றன.

இந்த விருப்பத்துக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, கதை முடிந்துவிடுகிறது. சன் தொலைக்காட்சியின் 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 அங்கங்களுக்கு மேல் ஓடியது. கொரிய நாடகமோ பெரும்பாலும் 16 அல்லது 20 அங்கங்களுடன் நிறைவு பெறுகிறது. முடிவில்லாத காத்திருப்பை வாழ்க்கையில் சுமப்பவர்களுக்கு, முடிவுள்ள ஒரு கதையே ஆறுதல்தான். இரண்டாவது, நகையும் பட்டுமாக நின்று சதி செய்யும் மாமியார் மருமகளை விட, உழைத்துச் சாப்பிடும் பெண்களை அவற்றின் நல்ல கதைகளில் காணலாம். மூன்றாவது, அந்தப் பிள்ளைகள் தாயை "ஒம்மா" என்றும் தந்தையை "அப்பா" என்றும் அழைப்பது நமது காதுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கிறது. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்பவர் 1905இலேயே ஒரு நூல் எழுதினார். இரண்டும் ஒரே மொழிக் குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆயினும் காதுக்கு அந்த நெருக்கம் இனிக்கவே செய்கிறது.

1. டே ஜாங் கும் (2003 – 2004)

54 அங்கங்கள் கொண்ட இந்நாடகத்தில் லீ யங் ஏ கதாநாயகியாக நடித்தார். 1506 முதல் 1544 வரை கொரியாவை ஆண்ட ஜுங்ஜோங் மன்னரின் காலத்தில் ஜாங் கும் என்ற மருத்துவப் பெண் இருந்ததாக அரச குறிப்புகள் கூறுகின்றன. கிடைப்பவை சில வரிகள் மட்டுமே. அவற்றைச் சுற்றி எழுந்த கற்பனையே இந்தக் கதை. பெற்றோரை இழந்த சிறுமி அரண்மனைச் சமையற்கூடத்தில் சேர்கிறாள். பொய்க் குற்றச்சாட்டில் தன் ஆசானை இழந்து, ஜெஜு தீவுக்கு அடிமையாக நாடு கடத்தப்படுகிறாள். அங்கே மருத்துவம் கற்று, மீண்டும் அரண்மனைக்கு வந்து, மன்னருக்கே சிகிச்சை அளிக்கும் நிலைக்கு உயர்கிறாள்.

இதில் ஒரு காட்சியை நான் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. "குடிக்கத் தண்ணீர் கொண்டு வா" என்று ஆசான் பலமுறை கேட்கிறார். சிறுமி எப்படிக் கொண்டுவந்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைசியில் அவள், "உங்களுக்கு வயிற்றில் நோவு இருக்கிறதா?" என்று உடல்நிலையை விசாரித்து, அதற்கேற்றவாறு தண்ணீரைக் கொடுக்கிறாள். தண்ணீர் கொடுப்பதென்றாலும் குடிப்பவரை அறிந்து கொடு என்பதே பாடம். நிவாரணம் வழங்க வரும் எம்மைப் போன்றவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. திருகோணமலையில் கிளினிக் வரிசையில் நிற்கும் தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் அரைகுறை மொழியில் இந்த நாடகத்தைப் பற்றிக் கதைத்துச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு நாட்டின் கதை என்பதால், அதில் எவரும் எவருக்கும் எதிரியாக இருக்கவில்லை.

2. வென் த கமீலியா ப்ளூம்ஸ் (2019)

கமீலியாப் பூ மலரும் வேளை என்று பொருள். கணவன் இல்லாமல் மகனை வளர்க்கும் டொங்பெக் என்ற பெண், கடலோர ஊர் ஒன்றில் மதுவும் உணவும் விற்கும் கடை வைக்கிறாள். கடைக்கு ஆண்கள் வருகிறார்கள் என்பதால் ஊர்ப் பெண்கள் அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி கதைக்கிறார்கள். அவள் யாரோடு சிரித்தாள், யார் அவளுக்கு உதவினார் என்பதெல்லாம் ஊருக்கு விசாரணைப் பொருளாகிறது.

இதைப் பார்த்த ஒரு தங்கை என்னிடம், "மிஸ், இது கொரியா இல்ல, எங்கட ஒழுங்கைதான்" என்றார். கணவனை இழந்த அவர் வீட்டு வாசலில் சிறு கடை நடத்துகிறார். சாமான் இறக்க வரும் லொறிக்காரரோடு இரண்டு வார்த்தை கதைத்தாலே மூன்றாம் வீட்டில் செய்தியாகிவிடும் என்பது அவரது அனுபவம். போர் எடுத்தது போக மீதியை ஊர்வாய் எடுக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

நாடகத்தில் எனக்குப் பிடித்தது பின்பகுதியே. அவளுக்கு உண்மையான ஆபத்து வரும்போது, வம்பு பேசிய அதே பெண்கள் ஒன்றுசேர்ந்து அவளைச் சுற்றிக் காவல் நிற்கிறார்கள். ஊர்ப் பெண்களின் வாய்க்கு ஒருத்தியை அழிக்கும் வலிமை இருப்பதுபோல், காக்கும் வலிமையும் உண்டு. நமது மாதர் சங்கங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதையில் தொடர்கொலைகாரன் ஒருவனும் வருவதால், இரவில் பயப்படுபவர்கள் பகலில் பார்ப்பது நல்லது.

3. வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ் (2025)

மேலே சொன்ன நாடகத்தை எழுதிய லிம் சாங் சுன் எழுதியதே இதுவும். 16 அங்கங்கள். ஜெஜு தீவின் பேச்சுவழக்கில் இதன் மூலத் தலைப்பு, "மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள்" என்று நன்றியோடு சொல்வதாகும். கடலில் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்துக் குடும்பத்தைக் காக்கும் தாய் 29 வயதில் இறக்கிறாள். கவிஞராக வேண்டும் என்று கனவு கண்ட அவளது மகள் ஏ சுன், வறுமையில் வாழ்ந்து, பிள்ளைகளை ஆளாக்கி, பின்னர் ஊர் மீனவர் அமைப்பின் தலைவியாகவும் ஆகிறாள்.

ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்லும் இப்பெண்களை 'ஹெனியோ' என்பர். இவர்களது பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நாடகம் விரித்துச் சொல்லாத ஒன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1948இல் தொடங்கிய கிளர்ச்சியிலும் அதை அடக்கிய நடவடிக்கையிலும் ஜெஜுவில் 25,000 முதல் 30,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பல ஊர்களில் ஆண்கள் இல்லாமற்போக, எஞ்சிய குடும்பங்களைப் பெண்களே தாங்கினர். நீண்ட காலம் அதைப் பற்றி வாய்திறக்கவே முடியாதிருந்தது. 2003இல்தான் ஜனாதிபதி ரோ மூ ஹியுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 55 வருடங்கள்! காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்நாடகத்தில் புயல் நாளொன்றில் ஒரு குழந்தை இறக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் நமது கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பார்ப்பதும் பார்க்காமல் எழுந்து செல்வதும் அவர்களது விருப்பம். "அழுதால் பாரம் குறையும்" என்று எவரையும் கட்டாயப்படுத்தி இருத்தக் கூடாது.

4. கிராஷ் லேண்டிங் ஆன் யூ (2019 – 2020)

தென்கொரியப் பணக்காரப் பெண் ஒருத்தி வானில் பறக்கும் விளையாட்டின்போது சூறாவளியில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரியாவில் விழுகிறாள். ஓர் இராணுவ அதிகாரி அவளை மறைத்துக் காக்கிறார். காதல் கதைதான். ஆனால் மின்சாரம் நின்றுபோகும் வடகொரியக் கிராமமும், அங்கே ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் பெண்களும் மனதில் நிற்கிறார்கள். குப்பி விளக்கில் படித்த தலைமுறைக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அயலவரின் பேச்சை ஒட்டுக்கேட்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, அந்தக் குற்ற உணர்வில் வேகும் ஒரு மனிதரும் இக்கதையில் வருகிறார். எதிரி என்று சொல்லப்பட்டவனுக்கும் வீடும் பசியும் பயமும் உண்டு என்பதை நாடகம் எளிமையாகச் சொல்லிவிடுகிறது.

நாடகத்தை விடப் பெரிய நிகழ்ச்சி

கொரியப் போர் 1950 முதல் 1953 வரை நடந்தது. போர்நிறுத்தம் வந்ததே தவிர, சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. சிதறிய குடும்பங்கள் பல. 1983 ஜூன் 30ஆம் திகதி கே.பி.எஸ். தொலைக்காட்சி, உறவினரைத் தேடுவோருக்கான ஒரு நேரடி நிகழ்ச்சியைத் தொடங்கியது. சிறிது நேரத்துக்கெனத் திட்டமிடப்பட்டது, மக்கள் திரண்டு வந்ததால் 138 நாட்கள், மொத்தம் 453 மணித்தியாலங்கள் ஒளிபரப்பானது. பெயர், ஊர், பிரிந்த இடம், உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றை மட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மக்கள் கமராவின் முன் நின்றனர். 53,536 பேர் திரையில் தோன்றினர். 10,189 குடும்பங்கள் தம் உறவுகளைக் கண்டன. அந்த ஒளிநாடாக்களையும் ஆவணங்களையும் யுனெஸ்கோ 2015இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவோரத்தில் நிற்கும் நமது தாய்மாருக்கு இதைச் சொல்லும்போது நான் கவனமாகவே சொல்கிறேன். கூட்டத்தில் பிரிந்துபோனவரைத் தேடுவதும், கையளிக்கப்பட்ட அல்லது கொண்டு செல்லப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்பதும் ஒன்றல்ல. பின்னதற்குப் பொறுப்புள்ளவர்கள் பதில் சொல்ல வேண்டும். எனினும், முப்பது வருடம் கடந்த பின்பும் தேடியவர்களை "இன்னும் ஏன் தேடுகிறாய்?" என்று அந்த நாடு கேட்கவில்லை, தொலைக்காட்சியையே அவர்களுக்குக் கொடுத்தது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

எல்லாக் கொரிய நாடகமும் நல்லதல்ல. ஏழைப் பெண்ணைச் செல்வந்தன் மீட்கும் கதைகள் ஏராளம். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' போன்றவற்றில் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது காதலாகக் காட்டப்படுகிறது. அது காதலல்ல என்பதை மகள்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளைத் தோலும் மெலிந்த உடலுமே அழகு என்ற எண்ணத்தையும் அவை விதைக்கின்றன. 2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' கடனில் மூழ்கிய 456 பேரைப் பற்றியது. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நின்ற அனுபவமுள்ளவர்களுக்கு அதன் கரு விளங்கும். ஆனால் இரத்தம் சிந்தும் காட்சிகள் நிறைந்தது. பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது.

வேலைக்காகக் கொரியா செல்ல எண்ணும் பிள்ளைகள், நாடகத்தில் காணும் கோப்பிக் கடைகளை நம்பிப் புறப்பட வேண்டாம். நம்மவர்கள் செல்வது பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக மொழிப் பரீட்சை எழுதிச் செல்வதே சரியான பாதை. முகவர் என்று வரும் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தனியே பார்ப்பதை விட ஐந்தாறு பேர் சேர்ந்து பாருங்கள். டேட்டா செலவும் குறையும். தமிழ்க் குரல் இல்லாத நாடகமாயின், ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஒருவர் வரிகளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். ஒரு வீட்டில் சாதாரண தரம் படிக்கும் மகள் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் இப்படிச் சொல்லிச் சொல்லியே ஆங்கிலத்தில் முன்னேறியிருக்கிறாள். பார்த்து முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கதையுங்கள்: இந்தப் பெண்ணுக்கு உதவியவர் யார்? உதவாமல் நின்றவர் யார்? நமது ஒழுங்கையில் இப்படி ஒருத்தி இருந்தால் நாம் எந்தப் பக்கம் நிற்போம்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் சங்கத்தில் கிடைக்கும் பதிலை எமக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டியதில்லை.