பழைய காரும் புதிய சொந்தக்காரரும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது பெரியோர் வாக்கு. உத்தியோக நிமித்தம் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர்கள், பழைய காரை வாங்கிப் பார் என்பதையும் அதனுடன் சேர்த்துக் கொள்ளலாம். புதிய வண்டி வாங்கக் கையிருப்புப் போதுவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்ல ரயிலில் இடம் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. ஆகவே, வேறொருவர் எட்டுப் பத்து ஆண்டுகள் ஓட்டிய வண்டி ஒன்று நம் வாசலுக்கு வந்து சேருகிறது. முதல் வாரம் அதற்கு மாலை சூட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கி மகிழ்கிறோம். இரண்டாவது வாரம் அது முனகுகிறது. மூன்றாவது வாரம் நடுங்குகிறது. அதற்கடுத்த வாரம் நடுத்தெருவில் நின்றுவிடுகிறது.

அந்த நிலையில் நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? அருகிலுள்ள பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, சொல்லும் பாகத்தையெல்லாம் மாற்றச் சம்மதிக்கிறோம். நல்ல வைத்தியர் மருந்து கொடுக்குமுன் கேள்விகள் கேட்கிறார். யந்திரத்துக்கும் அதே முறைதான் உகந்தது. வெளியே தெரிவது அறிகுறி. உள்ளே இருப்பது கோளாறு. ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆதலால், கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பிறகு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, செலவுள்ள சோதனைக்குப் போக வேண்டும். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

மும்பையில் வசிக்கும் அன்பர் ஒருவரின் அனுபவம் இதற்கு நல்ல உதாரணம். அவர் வாங்கிய பெட்ரோல் கார், போக்குவரத்து நெரிசலில் சிறிது நேரம் நின்றாலே கொதிக்கத் தொடங்கியது. முதல் பட்டறையில் தெர்மாஸ்டாட்டை மாற்றினார்கள், குணம் தெரியவில்லை. இரண்டாவது பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றினார்கள்; அப்போதும் தெரியவில்லை. பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி கரைந்தது. மூன்றாவதாக வந்த முதிய மெக்கானிக் வண்டியைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போது சூடாகிறதா?" நிற்கும்போது மட்டுந்தான் என்றார் நண்பர். மெக்கானிக் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ரேடியேட்டரின் பின்னாலுள்ள விசிறி சுற்றவேயில்லை. விசிறிக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே என்ற சிறிய பாகம் பழுதாகியிருந்தது. அதை மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய்தான்.

இதன் தத்துவம் எளியது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரச் செய்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். ஆகவே, நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, வெப்பத்தை உணர்ந்து சொல்லும் சென்சார் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் சூடேறினால் கூலன்ட் குறைந்திருக்கலாம். ரேடியேட்டரின் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். தெர்மாஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். நீரைச் சுழலவிடும் பம்ப் தேய்ந்திருக்கலாம். முந்தைய சொந்தக்காரர் கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால், உப்பும் துருவும் படிந்து குழாய்கள் அடைபடுவது இயல்பு.

சூடு விஷயத்தில் மட்டும் ஒத்திப்போடுதல் கூடாது. முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டுவிடும். கொதிக்கும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் அலுமினியத்தாலான அதன் தலைப்பகுதி வளைந்து, ஹெட் காஸ்கெட் பழுதாகும். சில நூறு ரூபாய் வேலை, பல்லாயிரம் ரூபாய் வேலையாக மாறுவது இங்கேதான். எஞ்சின் நன்றாக ஓடிச் சூடான பின்னும் புகைக்குழாயிலிருந்து அடர்ந்த வெண்புகை வருதல், வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைதல், ஆயிலில் மோர் கலந்தாற்போன்ற நிறம் தோன்றுதல் ஆகியவை அந்தப் பழுதின் அடையாளங்கள். குளிர்ந்த காலை வேளையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்ணிற ஆவி வெறும் நீராவியே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். பெட்ரோல் வண்டியில் கரும்புகை, எரிபொருள் அளவுக்கு மீறிச் செல்வதைக் காட்டும்.

அடுத்ததாக, காலையில் வண்டி கிளம்ப மறுக்கும் தொல்லை. சாவியைத் திருப்பும்போது வரும் சத்தமே பாதி விடையைச் சொல்லிவிடும். 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் சுற்றாவிட்டால் பாட்டரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் சந்தேகம் கொள்ளலாம். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாவிட்டால் பாட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை. எரிபொருளோ தீப்பொறியோ போய்ச் சேரவில்லை என்று கொள்ள வேண்டும். பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அதைச் சுத்தம் செய்து இறுக்குவதே முதல் சிகிச்சை. ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருப்பது நல்லது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிட்டால் குற்றம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கும். புதிய பாட்டரி வாங்கிப் போட்டாலும் சில நாட்களில் அதுவும் தீர்ந்துவிடும்.

நடுக்கமும் இவ்வாறே தன் காரணத்தைத் தானே உரைக்கும். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் சக்கரங்களின் பாலன்ஸிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்கைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்குமுன் நான்கு டயர்களிலும் காற்று சரியாக உள்ளதா என்று பார்ப்பது அறிவுடைமை. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகச் சுட்டால், அதன் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சோதிக்கும்போது கையைச் சக்கரத்தின் அருகே கொண்டு சென்றால் போதும், தொட வேண்டாம்.

சமீப காலத்து வண்டிகளில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து எச்சரிக்கும். ஸ்டீயரிங்கின் கீழுள்ள இணைப்பில் ஸ்கேனர் என்ற சிறு கருவியைப் பொருத்தினால் அது ஒரு குறியீட்டைக் காட்டும். அந்தக் குறியீட்டையே தீர்ப்பாகக் கொண்டுவிடுதல் தவறு. உதாரணமாக, பி0301 என்பது முதல் சிலிண்டர் சரிவர எரியவில்லை என்று சொல்லுகிறதே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினாக இருந்தால், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். இப்போது குறியீடு பி0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் என்று மேலே தேடலாம். ஒரு காசும் செலவில்லாத சோதனை இது! அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டுவதை நிறுத்தி உடனே கவனிக்க வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

அறிகுறிக்காகக் காத்திராமல் செய்ய வேண்டியவையும் சில உண்டு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றிவிடுவதே மேல். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதைப் புதிதாக மாற்றிவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும், வயது முதிர்ந்து வெடிப்பு விட்ட டயரை நம்பிக் குழந்தைகளுடன் நெடுஞ்சாலையில் ஏறலாகாது.

இந்தியோ மராத்தியோ வங்காளமோ சரளமாகப் பேச வராததால் பட்டறையில் கூச்சப்படும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு ஒரு நற்செய்தி: பட்டறைக்கென்று ஒரு பொதுமொழி உண்டு. 'செல்ஃப்', 'பிக்கப்', 'மிஸ்ஸிங்' என்ற சொற்கள் தாதரிலும் புரியும், திண்டுக்கல்லிலும் புரியும். ஆனால் கோளாறின் பெயரை நாம் சொல்லிவிடக் கூடாது. "ரேடியேட்டரைப் பாருங்கள்" என்றால் ரேடியேட்டர் மாறிவிடும். "பத்து நிமிஷம் நின்றால் சூடாகிறது, ஓடினால் ஆறிவிடுகிறது" என்று நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும். இதற்காக வண்டியில் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டு, தேதி, ஓடிய தூரம், கோளாறு வந்த சமயம், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி வருவது நலம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நம் உரிமையே.

மும்பையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். வழியில் கண்டாலா மலையேற்றமும், புணேக்குத் தெற்கே கம்பாட்கி மலையேற்றமும் வண்டியைச் சோதித்துப் பார்ப்பவை. எனவே பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை லோனாவ்லா வரை சென்று திரும்பிப் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஆயிலும் கூலன்டும் குறைந்துள்ளனவா என்று அளந்து, வண்டி நின்ற இடத்தில் சொட்டுத் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். பிற நகரங்களில் உள்ளோர் தத்தம் ஊருக்கு ஏற்ற நூறு கிலோமீட்டர்ப் பாதை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குறை ஏதும் இருந்தால் அது வீட்டருகே, தெரிந்த மெக்கானிக் இருக்கும் இடத்தில் வெளிப்படட்டும். நள்ளிரவில், அயலூர் நெடுஞ்சாலையில், வயதான தாயாரையும் உறங்கும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டிருக்கும்போது வெளிப்பட வேண்டாம்.