உருச்சிதைந்த ஊர்ப்பெயர்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் ஒரு பகுதி மின்னி பே. எக்ஸ்.எம்.எல். கோப்பினின்று புள்ளியியல் மென்பொருளுக்கு மாற்றுங்கால் இப்பெயர் விளங்காக் குறிகளாகச் சிதைவதுண்டு. அட்டவணையில் ஓர் ஊர் இரண்டாகிவிடும்.

காரணம் யாது? யுனிகோடில் இப்பெயருக்குத் தமிழ்க் குறிகள் 8, இடைவெளி 1. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள், இடைவெளி 1 பைட்டு, ஆக 25. பைட்டு ஒன்றை எழுத்தொன்றாகக் கொள்ளும் லத்தீன் முறையில் படிப்பின், 24 அந்நியக் குறிகளும் 1 இடைவெளியுமே கிட்டும்.

ஆகவே ஊழியர் முதற்கண் கோப்பின் முதல் வரியிலுள்ள குறியேற்ற அறிவிப்பை நோக்குதல் வேண்டும். அங்கு யு.டி.எஃப்.-8 என்றிருப்பின் மென்பொருளிலும் அதனையே குறித்து, மூலக் கோப்பை மீண்டும் படிப்பித்தல் வேண்டும். சிதைந்ததைச் சேமித்தலாகாது, கேள்விக்குறியாகிவிட்ட எழுத்து மீளாது.