மோட்டார்ப் பந்தயமும் நகைச்சுவையும்

நகை எளிதிற் பிறப்பதுபோலத் தோன்றினும், எவரையும் புண்படுத்தாத நகையைப் பிறப்பித்தல் அரிது. நகை தோன்றும் நிலைக்களன் நான்கென்றார் தொல்காப்பியனார். பிறரை இகழ்தல் அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. இகழ்ச்சியிற் பிறக்கும் நகை ஒருவனை மகிழ்வித்து மற்றொருவனை வருத்தும். பேதைமையிற் பிறப்பதோ பாட்டனும் பேரனும் ஒருங்கிருந்து நுகர்தற்குரியது. முற்காலத்து மோட்டார்ப் பந்தய நகைச்சுவைப் படங்கள் இப்பின்னைய வகையைச் சார்ந்தன. அவை நகை விளைக்கும் நெறியை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தில் 1896-ஆம் ஆண்டு வரை, பொறியால் ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு 4 மைலுக்கு மேற் செல்லலாகாது. அதன் முன்னே ஓராள் நடந்து செல்லவும் வேண்டும். அவ்வாண்டு அத்தடை நீங்கி, 14 மைல் வேகம் வரை இசைவு கிடைத்தது. அம்மகிழ்ச்சியில் நவம்பர் 14-ஆம் நாள் வண்டியுடையார் பலர் இலண்டனினின்று பிரைட்டன் கடற்கரைக்கு ஊர்வலம் போந்தனர். இதன் நினைவாக 1905-க்கு முற்பட்ட பழவண்டிகள் அவ்வழியே செல்லும் வழக்கம் 1927-இல் தொடங்கியது. இது பந்தயமன்று, உலாவே.

இவ்வுலாவைப் பந்தயமாக மாற்றிக்கொண்ட இரு நண்பரின் பேதைமையே, ஹென்றி கார்னீலியஸ் 1953-இல் இயக்கிய 'ஜெனிவீவ்' என்னும் படத்தின் கதை. ஜெனிவீவ் என்பது பெண்ணின் பெயரன்று. 1904-ஆம் ஆண்டின் டராக் வண்டியொன்றின் பெயர். திரும்பும் வழியில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதற்கண் அடைபவனுக்கு 100 பவுன் என்பது பந்தயம். வழியெங்கும் பழுது, பூசல், ஊடல். முடிவு அணுகும் வேளையில் முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டு, தம் இளமையில் இத்தகைய வண்டி ஒன்று தம்மிடம் இருந்ததை நினைந்து உருகுகின்றார். ஒவ்வொரு நொடியும் பொன்னாய பொழுதில் தலைவன் நின்று அவர் சொல்லைச் செவிமடுக்கின்றான். அந்நிலையிற்றான் அவன் வெற்றிக்குத் தகுதியுடையவனாகின்றான் என்பது எம் கருத்து. பின்னர் மாற்றான் வண்டியின் சக்கரம் டிராம் தண்டவாளத்திற் சிக்கி வேறு திசையிற் செல்ல, ஜெனிவீவ் தானே உருண்டு பாலம் சேர்கின்றது.

மெய்யாக நிகழ்ந்த பந்தயமும் நகைக்கு இடமாயிற்று. 1908 பிப்ரவரி 12-இல் நியூயார்க்கினின்று பாரிஸ் நோக்கி 6 வண்டிகள் புறப்பட்டன. அமெரிக்கரின் தாமஸ் வண்டி ஜூலை 30-இல் பாரிஸ் சேர்ந்து வாகை சூடியது. இதனைத் தழுவி பிளேக் எட்வர்ட்ஸ் 1965-இல் 'தி கிரேட் ரேஸ்' என்னும் படம் எடுத்தார். டோனி கர்ட்டிஸ் வெண்ணிற ஆடையணிந்த நல்லோனாகவும், ஜாக் லெம்மன் கருநிற ஆடையணிந்த தீயோனாகவும் நடித்தனர். வெற்றிக் கோட்டின் அருகே நல்லோன் காதலின் பொருட்டு வண்டியை நிறுத்திவிடுகின்றான். வென்ற தீயோனோ, விட்டுக்கொடுத்த வெற்றி தனக்கு வேண்டாவென்று சினந்து மறுபந்தயம் கேட்கின்றான். தீயோனுக்கும் மானம் வைத்த நகைச்சுவை இது. 1968-இன் இறுதியில் வந்த டிஸ்னியாரின் 'தி லவ் பக்' படத்தில், ஹெர்பி என்னும் சிறு வண்டி இரு துண்டாகப் பிளந்து, முதலிடத்தையும் மூன்றாமிடத்தையும் பெறுகின்றது! வண்டி பிளந்தும் உயிர்ச்சேதம் இல்லை.

நம் நாட்டினரும் இந்நெறிக்குப் புறம்பானவரல்லர். சத்யேன் போஸ் 1958-இல் இயக்கிய 'சல்தி கா நாம் காடி' என்னும் இந்திப் படத்தில், உடன்பிறந்தாராகிய அசோக்குமார், அனூப்குமார், கிஷோர்குமார் மூவரும் வண்டி செப்பனிடும் பட்டறையுடைய சகோதரராகவே தோன்றினர். அவர்தம் பழவண்டியும் குடும்பத்தில் ஒருவர் போன்றதே. தமிழில் 1966-இல் ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் நடித்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யில் ஓடுவது பேருந்து. எனினும் முன்பின் அறியாத பயணிகள் ஒரு குடும்பமாகும் முறைமை அதுவே. அஃது 1972-இல் 'பம்பாய் டு கோவா' என இந்தியிலும் வந்தது.

இவற்றையெல்லாம் ஒப்புநோக்குங்கால் ஓருண்மை புலனாகும். இப்படங்களில் நகை விளைப்பது விரைவன்று, தாமதமே. வண்டி நின்றாலன்றோ மாந்தர் ஒருவரோடொருவர் பேசுவர்! பழவண்டியை உடையவனே திறந்து பார்த்துச் செப்பனிடலாம். அதன் குணமறிந்து கெஞ்சலாம், கடியலாம். இக்காலத்து வண்டியின் பொறியையோ கணிப்பொறி ஆள்கின்றது. பழுதுற்றால் உடையவன் கைகட்டி நிற்பதன்றி வேறறியான். அத்தகைய படங்கள் அருகியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பாலாற்றை அடுத்த எம் செவிலிமேட்டார்க்கு இது புதிதன்று. கோர்வைப் பட்டுச் சேலை நெய்யத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் கை பிந்தினால் மற்றவர் கையும் காத்திருக்கும். விரைவு அங்கே தனியொருவன் உடைமையன்று.

விரைவை யாம் வெறுப்பேமல்லேம். அதற்குரிய களம் வேறு. முன்னர்ச் சோழவரத்தில், உலகப்போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச்சாலை உண்டு. அஃது எம் காஞ்சிபுரம் மாவட்டத்ததே. அக்களத்திற் காப்பும் விதியும் உள. ஊர்ச்சாலையிலோ எதிரே வருபவர் பந்தயத்திற்கு உடன்பட்டவரல்லர். திரையில் உடைந்த வண்டி அடுத்த காட்சியில் எழுந்தோடும். தெருவில் விழுந்த இளைஞன் அவ்வாறு எழுவானல்லன். ஆதலின் மாணவத் தோழர்காள், அப்பழம் படங்களைக் கண்டு வயிறு குலுங்க நகைமின்! அவற்றினின்று கொள்ளத்தக்கது வண்டியின் வேகமன்று. முதியவர் ஒருவர் பேச விழைந்தபோது, தோற்பினும் தோற்கவென வண்டியை நிறுத்திய அவ்விளைஞனின் பண்பே.