பழைய அம்பாசிடரும் ஈயமில்லாப் பெட்ரோலும்

வணிகப் பெருமக்கள் பலரது வீட்டுக் கொட்டகையில் இன்னும் ஓர் அம்பாசிடர் நிற்கிறது. மூட்டையும் சுமந்து கல்யாணத்துக்கும் போய்வந்த வண்டி, விற்க மனம் வருவதில்லை. "பெட்ரோலில் ஈயம் இல்லை, வால்வு போய்விடும், ஹெட்டைக் கழற்றணும்" என்று பட்டறையில் சொன்னால் மறுபேச்சின்றிப் பணம் எடுத்து வைக்கிறோம். சரக்கைக் கையில் அள்ளிப் பார்க்காமல் விலை பேசாத நாம், இதையும் சற்றுப் பார்க்க வேண்டாமா?

என்ஜின் தட்டாமல் ஓட, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி கண்டறிந்தார். புகையில் வந்த அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நம் நாட்டில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. போனது நல்லதே.

ஆனால் ஈயத்தால் ஓர் உபரி லாபம் இருந்தது. எரிந்தபின் அது எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பழைய அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினில் ஹெட் வார்ப்பிரும்பு. சீட்டையும் அதிலேயே கடைந்திருப்பார்கள். பூச்சு இல்லாதபோது, பழுக்கக் காய்ந்த வால்வு அந்த இரும்பில் ஒட்டி ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். சீட் தேயும், வால்வு உள்ளே இறங்கும்.

இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறையும். டேப்பட் சத்தம் அடங்கிவிட்டது, வண்டி பட்டுப்போல் ஓடுகிறது என்று மகிழ்வோரும் உண்டு; அங்கேதான் ஆபத்து. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், வால்வு கருகும். எனவே சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் டேப்பட் இடைவெளியை அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள். பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? அளவு மாறாதிருந்தால் ஹெட்டைத் தொட விடாதீர்கள். எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் சீட் தேய்கிறது என்று பொருள்.

தேய்மானம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டும்போதும் பாரம் ஏற்றும்போதும்தான். கடைவீதிக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டிக்கு அத்தனை பயமில்லை. வேறு காரணத்துக்கு ஹெட் கழற்ற நேர்ந்தால், அப்போதே லேத்தில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் வளையம் இறக்கிவிடுங்கள். கூலி ஒன்றோடு ஒன்றாகப் போகும். அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளில் சீட் தனி வளையமாகவே இருக்கும். இந்தக் கவலை குறைவு. டாங்கியில் போடும் உலோக உருண்டை, குழாயில் கட்டும் காந்தம் ஆகியவற்றுக்கு நாம் காலணா தரமாட்டோம். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலும் இந்தப் பழைய என்ஜினுக்கு வேண்டியதில்லை.

ஈயத்தைவிட இன்று கவனிக்க வேண்டியது பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப் டயாபிரத்தையும் அது ஊறவைத்துக் கெடுக்கும்; ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மாற்றிய பிறகு என்ஜின் ஓடும்போதே ஒருமுறை குழாய் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். கசிந்த பெட்ரோல் சூடான எக்ஸாஸ்டில் சொட்டினால் வண்டியே எரியும்.