முல்லைப்பெரியாறு 1886 குத்தகை: அரசியல் உடன்படிக்கையா, ஒப்பந்தமா?

நாகமலைக்கு வடக்கே விரியும் வைகைச் சமவெளியின் நெல்வயல்கள் வைகையின் இயல்பான நீரை மட்டும் நம்பியவை அல்ல. அரபிக் கடல் நோக்கிச் சென்ற பெரியாற்று நீர், 1895இல் நிறைவுற்ற அணையால் தேக்கப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே திருப்பப்பட்டது. பேரணையில் கால்வாய்க்குள் புகுந்து மேலூர் வரை பாய்கின்றது. பென்னிகுயிக்கின் பொறியியல் திறன் பலரும் அறிந்ததே. இங்கு நோக்கப்படுவது, அந்நீருக்கு உரிமையளித்த ஆவணத்தின் சட்டத்தன்மை.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் இந்திய விவகாரச் செயலருக்கும் இடையே அக்குத்தகை கையெழுத்தாயிற்று. காலம் 999 ஆண்டுகள்; பரப்பு 8,000 ஏக்கர்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. பிணக்கு எழுந்தால் நடுவர்களிடம் செல்லவும் அதில் வழி இருந்தது. ஒரு தரப்பு பிரித்தானியப் பேரரசு, மறுதரப்பு அதன் மேலாதிக்கத்திற்கு உட்பட்ட சமஸ்தானம். இரண்டும் சமநிலையில் பேரம் பேசின என்று கொள்வது கடினம்.

ஆயினும் வலுவற்ற தரப்பு எப்போதும் தோற்கவில்லை. பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை மாகாணம் முயன்றபோது திருவிதாங்கூர் மறுத்தது. நடுவர்கள் உடன்படாமையால் வழக்கு நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. குத்தகை பாசனத்திற்கு மட்டுமே உரியது என அவர் 1941இல் தீர்ப்பளித்தார்.

1947இல் நிலைமை மாறியது. இந்திய விடுதலைச் சட்டத்தின் 7(1)(ஆ) பிரிவின்படி, சமஸ்தானங்கள் மீதான பேரரசின் மேலாதிக்கமும் அவற்றோடு செய்த உடன்படிக்கைகளும் முடிவுக்கு வந்தன. குத்தகையும் அவற்றுள் அடங்கும் என்பது கேரளத்தின் பிற்கால வாதம். இது வெறும் சொல்லாய்வு அன்று. அரசியல் உடன்படிக்கை எனக் கொண்டால் குத்தகை காலாவதியாகும். அரசியலமைப்பின் 131ஆம் உறுப்பிற்கான காப்புரையால் உச்ச நீதிமன்றத்தின் அதிகாரமும் கேள்விக்குள்ளாகும். மதுரைச் சமவெளியின் பாசன உரிமை இந்த ஒரு சொல்லைச் சார்ந்திருந்தது.

2006, 2014 ஆகிய இரு தீர்ப்புகளிலும் நீதிமன்றம் கேரளத்தின் வாதத்தை ஏற்கவில்லை. குத்தகை அரசியல் தன்மையற்ற ஒப்பந்தம் என்றது. 1970இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டமை இங்குக் கருதத்தக்கது. அவற்றால் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்திற்கு மீண்டது. மின்னுற்பத்திக்குத் தமிழ்நாடு கட்டணம் செலுத்த இசைந்தது. இறந்துபட்டதாகக் கருதப்படும் ஆவணத்திற்கு எவரும் வாடகையை உயர்த்திக் கேட்பதில்லை.

உரிமை நிலைத்தபின் வழக்கு அணையின் பாதுகாப்பைச் சுற்றியே நடந்தது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த 2006இல் இசைவு கிடைத்தது. அதைத் தடுத்த கேரளச் சட்டத்திருத்தம் 2014 மே 7இல் செல்லாததாக்கப்பட்டது.