நீச்சற்குளத்துப் பிள்ளைகளும் அவர்தம் தோள்களும்

அதிகாலை ஐந்து மணி. வெளியே பனி கொட்டுகின்றது. இரவு வேலை முடித்து வந்த தந்தை, உறக்கத்தை ஒதுக்கிவிட்டு மகளை நீச்சற்குளத்துக்குக் காரில் அழைத்துச் செல்கின்றார். எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் அன்றாடக் காட்சி இது. மகளுக்கு வயது பதின்மூன்று. இரண்டு மாதங்களாக வலது தோளில் நோ இருந்தும் அவள் வாய் திறக்கவில்லை. "அப்பா எனக்காகப் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்லுறது?" என்று பின்னர் தாயிடம் அழுதாளாம்.

நீச்சல் எமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே மீண்டார். ஆயினும் கேணியிலும் கடலிலும் மனம்போல் நீந்திய எம்மிற் பலர், ஆண்டு முழுவதும் நேரத்தை அளந்து நடத்தப்படும் போட்டிப் பயிற்சியை அறிந்தவரல்லர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மீற்றர் குளத்தில் 4 கிலோமீற்றர் நீந்த 160 தடவை குளத்தைக் கடக்க வேண்டும். ஒரு தடவைக்கு 16 கைவீச்சு எனக் கொண்டால் மொத்தம் 2,560. ஒவ்வொரு தோளுக்கும் 1,280. கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சியெனில் ஒரு தோள் 6,400 முறை சுழல்கின்றது.

தோள்மூட்டின் அமைப்பு விந்தையானது. சிறு தட்டொன்றில் வைத்த தோடம்பழம் போல, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்ற குழியில் அமர்ந்துள்ளது. அதனை நிலைபெறச் செய்வன பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே. நீரை இழுக்கும்போது மார்பிலும் முதுகின் பக்கங்களிலும் உள்ள பெருந்தசைகள் கையை உட்புறமாகத் திருப்புகின்றன. தோட்பட்டையின் பின்னுள்ள சிறு தசைகளோ கையை வெளிப்புறமாகத் திருப்புவதோடு, எலும்பின் தலை குழியை விட்டு விலகாது காக்கின்றன.

பாடசாலை விளையாட்டுப் போட்டியிற் கயிறிழுத்தலைக் கண்டிருப்பீர்கள். ஓர் அணிக்கு மட்டும் நாள்தோறும் பயிற்சி கொடுத்தால் என்னாகும்? அதுவே தோளிலும் நிகழ்கின்றது. போர்த்துக்கலில் இளம் நீச்சல் வீரர்களின் தோள்வலுவைப் பயிற்சிப் பருவத்தின் தொடக்கத்திலும் பின்னரும் அளந்த ஆய்வாளர்கள், உட்திருப்பும் தசைகளே கூடுதலாக வலுப்பெறுவதையும், இருபக்கச் சமநிலை குன்றுவதையும் கண்டனர். இச்சமநிலைக் குறைவும், களைப்பும், அளவுமீறிய பயிற்சியும் சேரும்போது தசைநாண்கள் நோவெடுக்கின்றன. கனடாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்களான கென்னடியும் ஹொக்கின்சும் 1974 இலேயே இந்நோவுக்கு 'நீச்சல்வீரர் தோள்' எனப் பெயரிட்டு எழுதினர்.

பரிகாரம் எளிது, செலவும் சிறிது. இறப்பர் பட்டியொன்றைக் கதவுக் கைபிடியிற் கட்டுக. முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மெல்ல வெளிப்புறம் திருப்பி, அதனிலும் மெல்ல மீட்கச் செய்க. பதினைந்து முறை வீதம் இரண்டு மூன்று சுற்றுகள், கிழமைக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும். நீந்துவதற்குச் சற்று முன் தோளைக் களைப்படையச் செய்தல் கூடாது. முதலிற் பயிற்றுநரிடமோ பிசியோதெரபி நிபுணரிடமோ காட்டிப் பழகுதல் நன்று.

ஏற்கெனவே நோவுள்ள பிள்ளைக்கு இது மருந்தாகாது. தோளின் முன்புறத்தில் நோ, அப்பக்கம் சரிந்து படுக்க இயலாமை, தலைவாரக் கை உயர்த்தச் சிரமம் ஆகியவை தோன்றினால் மருத்துவரை நாடுக. நோவை மறைக்க மாத்திரை கொடுத்து நீரில் இறக்குதல் பெருந்தவறு.

அச்சிறுமி சில கிழமைகள் கைகளுக்கு ஓய்வு கொடுத்துக் காலுதைப்புப் பயிற்சி மட்டும் செய்தாள். பட்டிப் பயிற்சியும் பழகினாள். பின்னர் சிறிது சிறிதாக நீச்சலுக்குத் திரும்பினாள். தந்தை இப்போதும் அதிகாலையிற் காரோட்டுகின்றார். ஆனால் அவள் காரில் ஏறியதும், "இன்றைக்குத் தோள் எப்படி, பிள்ளை?" என்று கேட்கின்றார். எம் பாட்டைக் கண்டு தம் நோவை மறைக்கும் பிள்ளைகள் எம் வீடுகளில் உண்டு. பெற்றோரே, அவர்கள் சொல்லும்வரை காத்திராது, நாமே முந்திக் கேட்போம்.